கேள்வி-பதில்: கொக்கு விரட்டிய முருகன்

சென்ற இதழில் சுதந்திரப் போராட்டக் கால நாடக மேடைப் பாடல்களைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டதால் இந்தத் தடவை மற்ற கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஜோசியம், கிரிக்கெட், சினிமா கேட்டவர்கள் மன்னிக்கவும், அடுத்த இதழில் பார்ப்போம்.

கேள்வி: எங்கள் ஊரில்தான் நாடக நடிகர் தியாகி விஸ்வநாத தாஸ் நினைவு இல்லம் இருக்கிறது. அவர் முருகன் வேஷத்தில் நின்று வெள்ளைக்காரனைத் திட்டிப் பாடுவார் என்று எழுதியிருந்தீர்கள். முருகன் கதையில் வெள்ளைக்காரன் எப்படி வருவான்? பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வராதா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: வராது. கதையே அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறது. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளிக்கு என்ன வேலை? தினைப்புனத்தில் பரண் மேல் நின்று, கதிரைக் கொத்த வரும் பறவைகளை ஆலோலம் பாடி விரட்டுவது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து தென்மாவட்டத்து ஜனங்களுக்கு இந்தக் காட்சி தலைகீழ்ப் பாடம். கிளி வரும், குருவி வரும், ஒவ்வொன்றாக விரட்டுவார்கள். அந்த வரிசையில் இன்னொரு பறவையைச் சேர்த்தால் யாரும் கேட்கப்போவதில்லை, பறவை விரட்டுகிற இடம்தானே. நாடகங்களுக்குப் பாட்டு எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் சேர்த்த பறவை கொக்கு. வெள்ளைக் கொக்கு.

'கொக்கு பறக்குதடி பாப்பா' என்று பாட்டு ஆரம்பிக்கும். முதல் வரியில் ஒன்றுமே இல்லை, குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரி இருக்கும். அடுத்தடுத்த வரியில்தான் இது எந்த ஊர்க் கொக்கு, கடல் தாண்டி வியாபாரம் பண்ண வந்து எப்படி நம் பிழைப்பைக் கெடுத்தது என்று விஷயம் வரும். அதற்குள் கொட்டகையில் விசில் பறக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரருக்கும் புரியும், புரியாமல் என்ன, அவரும் அதே ஊர் ஆள்தானே. ஆனால் 'கொக்கு பறக்கிறது என்று பாடினார்' என ரிப்போர்ட் எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினால் அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எழுதத்தான் செய்தார்கள். விஸ்வநாத தாஸைப் பலமுறை பிடித்து உள்ளே வைக்கவும் செய்தார்கள்.

இன்னொரு விஷயம், இது ஸ்பெஷல் நாடகம். நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர் என்று தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுப்பார்கள். ஒத்திகை என்று ஒன்று இல்லை, அன்று ராத்திரி மேடையில்தான் பலரும் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் வண்டி ஓடும். இப்படி ஒரு அமைப்பில் நடுவில் யார் எதைச் செருகினாலும் ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்துக்கொண்டு கூடவே வந்துவிடுவார், பாட்டு முடிந்ததும் அப்படியே வள்ளிக்குத் திரும்பிவிடலாம். முருகனும் வள்ளியும் மல்லுக்கு நிற்கிற தர்க்கக் காட்சி இருக்கிறதே, அது ராத்திரியின் பெரும்பகுதியை விழுங்கக்கூடியது. ஊர் விவகாரம் முழுக்க அதற்குள் அடங்கும். இன்றைக்கும் திருவிழா ஊர்களில் 'வள்ளி திருமணம்' பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும், இப்போது அங்கே பெட்ரோல் விலை பேசுகிறார்கள்.

கேள்வி: பாரதியார் பாடல்களை வெள்ளைக்கார அரசு தடை செய்தது என்று பள்ளியில் படித்தோம். தடை செய்த பாட்டு எப்படி எல்லாருக்கும் தெரிந்திருந்தது?
— வாசகி, தென்காசி

பதில்: தடை செய்தது புத்தகத்தை. 1928-ல் முதலில் பர்மா அரசு தடை போட்டது, அதைப் பிடித்துக்கொண்டு சென்னை மாகாணத்திலும் போலீஸ் போய்ப் பிரதிகளை அள்ளியது. சத்தியமூர்த்தி சட்டசபையில் இதை எழுப்பிப் பெரிய சண்டையே போட்டார். பாரதி இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது அப்போது. அச்சகத்தைப் பூட்டலாம், கட்டுக்கட்டாகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம், அதற்கெல்லாம் அவர்களிடம் சட்டம் இருந்தது. ஒருவர் வாயில் ஏறிவிட்ட பாட்டை என்ன செய்வது?

எப்படி ஏறியது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: மெட்டு. அந்தக் காலத்துக் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் எங்காவது கிடைத்தால் பாருங்கள். சாணித்தாள், எழுத்துப்பிழை, அட்டையில் ஒரு படம். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'இன்ன பாட்டு என்ற மெட்டு' என்று போட்டிருக்கும். சுரம் வேண்டாம், வாத்தியார் வேண்டாம். சந்தைக்கு வந்தவர் வாங்கிக்கொண்டு போய், தனக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டில் அன்று சாயங்காலமே திண்ணையில் உட்கார்ந்து பாடிவிடலாம். படிக்கத் தெரியாதவர் கேட்டுக் கற்றுக்கொள்வார். பஞ்சாப் படுகொலையைப் பற்றி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு தமிழ்நாட்டு மேடைகளில் ஓடியது நினைவிருக்கட்டும். அமிர்தசரஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஊர்களில், 1919-ல் அங்கே என்ன நடந்தது என்பது நாடகக்காரர்கள் வாயால்தான் போய்ச் சேர்ந்தது.

பாரதிக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். சுயராஜ்யம் கேட்கிற இந்தியனைப் பார்த்து ஆங்கிலேய அதிகாரி, அடிமைக்கு எதற்கடா சுதந்திர நினைப்பு என்று ஏளனம் செய்கிற மாதிரி அவர் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். அதற்கு எடுத்துக்கொண்ட மெட்டு எது தெரியுமா? கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக ஆசைப்படும் நந்தனைச் சாதிப் பெயர் சொல்லி ஆண்டை ஏசுகிற பாட்டின் மெட்டு! நந்தனார் கதாகாலட்சேபம் கேட்டு உருகிய காதுக்கு இந்த மெட்டு விழுந்தவுடன் முதலில் யார் ஞாபகம் வரும்? ஆண்டைதான். கலெக்டருக்குப் பின்னால் ஆண்டை நிற்கிறான். அவனைப் பார்த்துக் கொதிக்கிறவர், அடுத்த நிமிஷமே தன் வயலில் நிற்கிற பண்ணையாளைப் பார்த்துத் தானும் அதே தொனியில்தானே பேசுகிறோம் என்று நெளிய வேண்டியிருக்கும். நெளிந்தார்களா என்பது வேறு விஷயம். பாட்டைப் பறிமுதல் செய்த அதிகாரி மொழிபெயர்ப்பில் வார்த்தையைத்தான் படித்திருப்பார். மெட்டு மொழிபெயர்ப்பில் வராது. தேசபக்திப் பாட்டு என்றால் வீராவேசமான சொற்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், எனக்கென்னவோ பாதிக்கு மேல் வேலையை மெட்டுதான் செய்தது என்று படுகிறது.

கேள்வி: சும்மா எல்லாரையும் தியாகி ஆக்காதீர்கள். கைதட்டல் கிடைத்தது, வசூல் ஆனது, அதனால் பாடினார்கள். தொழில் அது. சரிதானே?
— வாசகர், சென்னை

பதில்: பாதி சரி. தேசபக்தி விலைபோகிற சரக்காக இருந்தது உண்மை. காந்தி பாட்டுக்கு 'ஒன்ஸ்மோர்' விழுந்தால் நாடகக் காண்டிராக்டருக்குச் சந்தோஷம்தான். கே.பி. சுந்தராம்பாள் குரலில் தேசியப் பாட்டுகள் கிராமபோன் தட்டுகளாக வந்து வீதி வீதியாக ஒலித்தன. அந்தத் தட்டுகளை விற்ற கம்பெனிகள் பல வெளிநாட்டுக்காரனுடையவை. வெள்ளைக்காரன் ஆட்சி ஒழிய வேண்டும் என்ற பாட்டில் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு லாபம்! முதல் தமிழ்ப் பேசும் படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931-ல் வந்தபோது, சமஸ்கிருதக் கவியின் கதையோடு ராட்டைப் பாட்டையும் சேர்த்துக் காட்டினார்கள். எழுதியவர் நம் பாஸ்கரதாஸ்தான். காளிதாசனுக்கும் ராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கொட்டகையில் யாரும் எழுந்து கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் மீதிப் பாதியைப் பாருங்கள். ஸ்பெஷல் நாடகக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. இன்று ராத்திரி ஆடினால் இன்று காசு. பங்குனி, சித்திரை, வைகாசி என்று திருவிழா சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் ஐப்பசி மழையில் அடுப்பெரிய வேண்டும். சீசன் நடுவே பிடித்து உள்ளே போட்டால் அந்த வருஷமே போச்சு. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். விஸ்வநாத தாஸை புக் செய்தால் நாடகம் பாதியில் நிற்கும், கொட்டகைக்குத் தடை வரும் என்று தெரிந்த பிறகு காண்டிராக்டர் தயங்காமல் இருப்பாரா? கைதட்டலுக்காக மட்டும் என்றால், ஒரு தடவை ஜெயிலுக்குப் போய் வந்ததும் மனுஷன் கொக்கைப் பறக்கவிட்டுவிட்டுக் காதல் பாட்டு பாடப் போயிருப்பார்.

அவருக்கு இன்னொரு பக்கமும் அடி. மருத்துவர் சமூகத்தில், அதாவது முடிதிருத்தும் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. மேடையில் முருகனாக நிற்கையில் விழுந்து கும்பிட்ட ஜனம், விடிந்ததும் வீட்டுக்குள் விட்டிருக்குமா? 1940 டிசம்பர் 31-ம் தேதி சென்னை மேடையில் முருகன் வேஷத்திலேயே உயிர் போனது. கடைசிக் காலத்தில் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பாட்டு எழுதிய கவிஞர்களின் வரலாறு ஓரளவுக்காவது புத்தகமாகியிருக்கிறது. அதே பாட்டை ஊர் ஊராகப் பாடி அடி வாங்கிய ஆர்மோனியக்காரர், பின்பாட்டுக்காரர், பபூன் இவர்கள் பெயரெல்லாம் எங்கே? தொழில்தான் ஐயா, யார் இல்லை என்றது. அந்தத் தொழிலை வைத்துத்தானே அவர்கள் பந்தயம் கட்டினார்கள்.

கேள்வி: வேதாரண்யம் உப்பு யாத்திரைக்குத் தனியாகப் பாட்டு எழுதினார்களாமே? பாட்டு பாடினால் உப்பு விளைந்துவிடுமா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: குறும்பு! உப்பு விளையாது, கால் வலி மறக்கும். 1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பியவர்கள் நூறு பேர் அளவில் இருக்கும். சித்திரை வெயிலில் இரண்டு வாரத்துக்கு மேல் நடை. நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த 'கத்தியின்றி ரத்தமின்றி' பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டே நடந்து பாருங்கள், வரிக்கு வரி கால் தானாக விழும். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று அறிவித்திருந்தார். ஜனங்கள் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். எந்தக் கிளையில் பொட்டலம் என்று தெரிய வேண்டுமே தவிர யார் கட்டியது என்று தெரிய வேண்டியதில்லை. பாட்டுச் சத்தம் தூரத்தில் கேட்டாலே கூட்டம் வருகிறது என்று ஊருக்குத் தகவலும் ஆச்சு.

கேள்வி: இந்தியாவைப் பற்றி மட்டும் எழுதுகிறீர்கள். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பாட்டிகள் பாடியது எதிர்ப்பில் சேராதா?
— வாசகி, ஹட்டன், இலங்கை

பதில்: சேரும் அம்மா. நாங்கள் எழுதாமல் விட்டது குறைதான். உங்கள் பாட்டி பாடியிருக்கக்கூடிய இரண்டு வரியை இங்கே போடுகிறேன்:

கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை அந்தா தெரியுது பார்

மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் கேட்டுத் தொகுத்து வைத்ததால் நமக்குக் கிடைத்த பாட்டு இது. 'கோப்பி' என்ற சொல்லைக் கவனியுங்கள். இலங்கை மலைகளில் காப்பிப் பயிரை இலைநோய் பிடித்தது 1869-ல். அடுத்த இருபது வருஷத்துக்குள் காப்பி காலியாகித் தேயிலை வந்துவிட்டது. அப்படியென்றால் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள், தாங்கள் பார்த்தே இராத காப்பித் தோட்டத்தைப் பற்றி, அங்கே செத்துப்போன அண்ணனைப் பற்றித் தலைமுறை தாண்டிப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தபோது எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்து செத்தார்கள். தோட்டக் கணக்கில் அவர்கள் பற்றெழுதிய கடனோடு முடிந்த ஆட்கள். பாட்டில்தான் அண்ணன். மலையைக் கைநீட்டிக் காட்டி 'அந்தா' என்று சொல்கிற அந்த ஒரு சொல்லில் இருக்கிற ஆத்திரத்தைத் தோட்டத்துத் துரையும் ஆள் மேய்க்கும் கங்காணியும் கேட்டிருந்தாலும் எந்தக் குற்றத்தில் சேர்ப்பார்கள்? விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிட அடித்த அதே தப்புப் பறை, மாசியில் காமன் கூத்துக்கும் அடித்தது. ஒரு சத்தம் துரைக்காக, மற்றது தங்களுக்காக.

நேரடியாக மேடை ஏறிப் பாடியவர் என்றால் மீனாட்சி அம்மாள். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி. தோட்டத்துக்குள் வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு போடுவார்கள் என்பதால் நடேசய்யர் புடவை வியாபாரி மாதிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் போன கதை உங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மீனாட்சி அம்மாள் கூட்டத்தில் முதலில் பாடுவார், பாரதி பாட்டு பாடுவார், தானே கட்டிய பாட்டும் பாடுவார், ஜனம் சேர்ந்த பிறகு பேச்சு. 1939-ல் இலங்கையில் அரசாங்க வேலையிலிருந்த இந்தியத் தினக்கூலிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தபோது, இந்தியர் நிலைமையைப் பாட்டாகவே எழுதி 1940-ல் சிறு புத்தகமாகப் போட்டார். இந்த விஷயத்தில் கோபம் வெள்ளைக்காரனோடு நிற்கவில்லை, அன்றைய உள்ளூர் மந்திரிகள் மேலும்தான். தமிழ்நாட்டில் சுந்தராம்பாளைத் தெரியாதவர் இல்லை, மீனாட்சி அம்மாளைத் தெரிந்தவர் எத்தனை பேர்? இவரைப் பற்றித் தனிக் கட்டுரையே கேட்டிருக்கிறேன், ஆசிரியர் தலையாட்டியிருக்கிறார்.

கேள்வி: கட்டபொம்மன் கதைப்பாட்டில் இருப்பதெல்லாம் நிஜமா?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: இல்லை. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கு, 1801-ல் ஊமைத்துரை தோற்றுக் கோட்டை தரைமட்டம், இதெல்லாம் வரலாறு. பாட்டில் கூடுதலாகச் சகுனம், தெய்வம், எட்டயபுரத்தோடு பழைய பகை எல்லாம் கலந்திருக்கும். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களைப் படித்தால் இது தெரியும். என்னை யோசிக்க வைப்பது கான்சாகிபு பாட்டு. கான்சாகிபு என்ற யூசுப்கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகவே சண்டை போட்டவர், பூலித்தேவனை எதிர்த்தவர். கடைசியில் கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்று 1764-ல் மதுரையில் தூக்கில் தொங்கினார். அவருக்கும் ஜனங்கள் கதைப்பாட்டு கட்டிவிட்டார்கள். கட்சி பார்க்கவில்லை, முடிவைப் பார்த்தார்கள். இதைத் தேசபக்தி என்று நேராகப் பெயர் சூட்ட எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கேள்வி: நாடகத்தைத் தடை செய்ய அவர்கள் கொண்டுவந்த சட்டம் இப்போது இருக்கிறதா? சட்டக் கல்லூரியில் படிக்கிறேன், தேர்வுக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.
— வாசகி, மதுரை

பதில்: அது 1876-ம் வருஷத்து நாடக நிகழ்ச்சிகள் சட்டம். தமிழ்நாட்டுக்காகப் போட்டதில்லை. வங்காளத்தில் அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் காட்டிய நாடகம், வேல்ஸ் இளவரசர் வருகையைக் கிண்டலடித்த நாடகம் என்று வரிசையாக வந்ததில் வைஸ்ராய் நார்த்புரூக் கடுப்பாகி முதலில் அவசரச் சட்டம் போட்டார், பிறகு அது சட்டமானது. ராஜதுரோகம், அவதூறு, ஆபாசம் என்று எதைச் சொல்லியும் நாடகத்தை நிறுத்தலாம், நடித்தவரைப் பிடிக்கலாம். நம் பக்கத்தில் இதற்கும் சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' நாடகத்துக்குத் தடை என்றதும், டி.கே.எஸ். சகோதரர்கள் அதையே கொஞ்சம் மாற்றி 'தேசபக்தி' என்று பெயர் வைத்து 1931-ல் மேடை ஏற்றினார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு இந்தச் சட்டத்தைத் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? 1954-ல் சென்னை மாநிலம் தன் பங்குக்குப் புதிதாகவே ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது அரசுக்குத் தலைவலி எம்.ஆர். ராதாவின் நாடகங்கள். அந்தச் சட்டத்தின்படி நாடகப் பிரதியைப் போலீஸிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்பது வெகுகாலம் நடைமுறையில் இருந்தது. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. 1876-ம் வருஷத்து மூலச் சட்டத்தை நாடாளுமன்றம் பழைய சட்டங்களைக் கழித்துக்கட்டிய மசோதா ஒன்றில் சேர்த்து நீக்கியது. அது அமலுக்கு வந்தது 2018-ல். விஸ்வநாத தாஸ் போய் அப்போது 77 வருஷம் ஆகியிருந்தது. அந்த 2013 தீர்ப்பைத் தேடிப் படியுங்கள், தேர்வுக்கும் உதவும்.